கீழுதட்டுக் கட்டிக்காகச் செய்துகொண்ட ஒரு முழு வாய்ப் பரிசோதனை: மதிப்புரை

என் கீழுதட்டின் உட்பக்கத்தில், நடுவிலிருந்து சற்று இடப்புறமாக, ஐந்து மாதங்களாக ஒரு சிறு கட்டி இருந்தது. வலியும் இல்லை, எரிச்சலும் இல்லை. ஆனால் பேசாமல் இருக்கும் நேரமெல்லாம் நாக்கு நுனி தானாகவே அங்கே போய் நின்றது. இரண்டு மூன்று வாரங்கள் மெல்லப் பருக்கும். பிறகு ஒரு நாள் பல் பட்டு உடைந்து, கொழகொழவென்று சிறிது நீர் வெளியே வந்து, இடம் தட்டையாகிவிடும். அன்றோடு தொல்லை விட்டது என்று நினைப்பேன். பத்து நாள் போனால் அதே இடத்தில் அதே மேடு எழுந்து நிற்கும். ஆண்டுக்கு நான்கைந்து முறை எனக்குத் தவறாமல் வரும் வாய்ப்புண்ணும் அந்த மாதங்களில் இரண்டு தடவை வந்து போனது. கட்டியும் புண்ணும் ஒரே வாயில் ஒரே காலத்தில் இருந்ததால் மனம் போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போயிற்று. புற்றுநோய் என்ற சொல்லை வீட்டில் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, பல இரவுகள் அதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

இறுதியில் வாய் நோய்களுக்கென்றே தனிப் பயிற்சி பெற்ற ஒரு பல் மருத்துவரிடம் முழு வாய்ப் பரிசோதனை செய்துகொண்டேன். அந்தப் பரிசோதனையையும், அதற்குப் பின் நடந்த சிறு அறுவையையும், புண்ணுக்காக அவர் எழுதிக் கொடுத்த மருந்துகளையும் பற்றியதே இந்த மதிப்புரை. பல் மருத்துவத்துக்குள் இப்படி ஒரு பிரிவு இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை, எனக்கும் தெரிந்திருக்கவில்லை. பல்லுக்கும் ஈறுக்கும் அப்பால், நாக்கு, கன்னத்தின் உட்புறத் தோல், உமிழ்நீர்ச் சுரப்பிகள், தாடை மூட்டு ஆகியவற்றில் வரும் கோளாறுகளைக் கண்டறிந்து, பெரும்பாலும் கத்தி வைக்காமல் மருந்தாலேயே கவனிப்பது அவர்களுடைய வேலை.

இதற்கு முன் நான் போயிருந்த இடத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அங்கே உதட்டை ஒரு விரலால் இழுத்துப் பார்த்த நேரம் பத்து விநாடிகூட இருக்காது. ஒன்றுமில்லை என்று சொல்லி, ஐந்து நாளைக்கு நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளும், இடத்தை மரத்துப்போகச் செய்யும் ஒரு களிம்பும் எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் சொன்னது உண்மை என்பது பின்னால் தெரிந்தது. ஆனால் எது ஒன்றுமில்லை, எதை வைத்து அப்படிச் சொல்கிறார்கள், எத்தனை நாளில் குறையாவிட்டால் திரும்பி வர வேண்டும் என்ற மூன்றில் ஒன்றைக்கூட அவர்கள் சொல்லவில்லை. பெயர் தெரியாத ஒன்றை வாய்க்குள் வைத்துக்கொண்டு ஒருவர் நிம்மதியாக இருக்க முடியாது. மாத்திரைகளை முழுவதும் சாப்பிட்டு முடித்தேன். கட்டி அப்படியே இருந்தது. கிருமித் தொற்றே இல்லாத ஒரு வீக்கத்துக்கு அந்த மாத்திரை என்ன செய்துவிட முடியும் என்று இப்போது புரிகிறது.

இரண்டாவதாகப் போன இந்த மருத்துவரின் பரிசோதனை கேள்விகளில் தொடங்கியது. முதன்முதலில் எப்போது தெரிந்தது, அளவு கூடிக் குறைகிறதா அல்லது கூடிக்கொண்டே போகிறதா, உடைந்தபோது வந்தது இரத்தமா சீழா வெறும் நீரா, உதட்டைக் கடிக்கும் பழக்கம் உண்டா, புகையிலை, பாக்கு, மது ஆகியவற்றில் எதுவும் உண்டா, அண்மையில் உடல் எடை குறைந்ததா, எந்தெந்த மருந்துகள் சாப்பிடுகிறேன், உடம்பில் வேறு எங்காவது புண் வருகிறதா, கண் சிவந்து வலித்ததுண்டா என்று கேட்டார். வாய்ப்புண்ணுக்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு என்று எனக்குப் புரியவில்லை. வாய், பிறப்புறுப்பு, கண் ஆகிய மூன்றிலும் சேர்ந்து தொல்லை தரும் ஒரு நோயை ஹுலுசி பெசெட் என்ற துருக்கிய மருத்துவர் 1937இல் விவரித்தார் என்றும், அது அரிதானது என்றாலும் அடிக்கடி வாய்ப்புண் வரும் எவரிடமும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடக் கூடாது என்றும் விளக்கினார். உதட்டைக் கடிக்கும் கேள்விக்கு மட்டும் ஆம் என்றேன். ஏதாவது யோசிக்கும்போது கீழுதட்டை உள்ளே இழுத்துப் பற்களுக்கிடையில் வைத்துக்கொள்வது சிறு வயதிலிருந்தே என் வழக்கம்.

பிறகுதான் பார்க்கத் தொடங்கினார். கட்டியைக் காட்ட நான் வாயைத் திறந்தபோது, அதற்குக் கடைசியில் வருவோம் என்றார். முதலில் கழுத்தின் இரு பக்கங்களையும் தாடைக்கு அடியிலும் விரல்களால் அழுத்தி நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். அடுத்து உதடுகள், இரு கன்னங்களின் உட்புறம், ஈறுகள், மேல் அண்ணம். நாக்கு நுனியை ஒரு துணிப் பஞ்சால் பிடித்து வலப்பக்கமும் இடப்பக்கமும் இழுத்து, ஓரங்களைக் கடைவாய்ப் பல் வரை பார்த்தார். நாக்கின் ஓரமும் அடிப்பகுதியும் வாயின் தரைப்பகுதியும்தான் எவரிடமும் மிகுந்த கவனத்தோடு பார்க்க வேண்டிய இடங்கள், ஏனெனில் வாய்ப் புற்று அதிகம் வரும் இடங்களில் அவை முதன்மையானவை என்று சொல்லிக்கொண்டே, ஒரு கையின் விரலை நாக்குக்கு அடியிலும் மற்றக் கையைத் தாடைக்கு வெளியே அடியிலும் வைத்து, இடையிலிருந்த சதை முழுவதையும் அங்குலம் அங்குலமாக அழுத்திப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும் என்பதை அன்று நேரில் கண்டேன். முந்தைய இடத்தில் எவரும் என் வாய்க்குள் விரலை வைத்து எதையும் தொட்டே பார்க்கவில்லை.

கடைசியாகக் கீழுதட்டை வெளிப்புறமாகப் பிரட்டினார். அதன் பிறகு அவர் செய்ததை என்னால் மறக்க முடியாது. உதட்டின் உட்புறத்தை உலர்ந்த பஞ்சால் நன்றாக ஒற்றி எடுத்துவிட்டு, என் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, விளக்கைத் திருப்பி, அசையாமல் பாருங்கள் என்றார். சில விநாடிகள் எதுவும் தெரியவில்லை. பிறகு அந்த ஈரமற்ற இளஞ்சிவப்புப் பரப்பில் ஊசி முனை அளவில் ஒரு துளி அரும்பியது, பக்கத்தில் இன்னொன்று, ஒரு நிமிடத்துக்குள் உதடு முழுவதும் பனி பிடித்தது போலத் தனித்தனி மணிகளாக உமிழ்நீர் நின்றது. ஒவ்வொரு துளிக்கும் அடியில் ஒரு சிறு உமிழ்நீர்ச் சுரப்பி இருக்கிறது என்றும், காதருகிலும் தாடைக்கு அடியிலும் நாக்குக்கு அடியிலும் இருக்கும் மூன்று இணைப் பெரிய சுரப்பிகளைத் தவிர, இப்படிப்பட்ட சிறு சுரப்பிகள் ஒருவர் வாயில் 600 முதல் 1,000 வரை இருக்கின்றன என்றும் சொன்னார். அவற்றில் ஒன்றின் மெல்லிய குழாய் பல் கடித்து அறுந்துவிட்டால், சுரப்பி வேலையை நிறுத்துவதில்லை. வெளியே வர வழியில்லாத சளிநீர் பக்கத்துச் சதைக்குள் கசிந்து தேங்குகிறது. உடல் அதைச் சுற்றி ஒரு வேலி கட்டுகிறது. மேலே மூடியிருக்கும் தோல் மெலிந்துபோவதால் கட்டி இலேசான நீல நிறத்தில் தெரிகிறது. உடைந்தால் வடிந்துவிடும், மேல்தோல் ஆறியதும் சுரப்பி மறுபடியும் நிரப்பும். ஐந்து மாதங்களாக என்னை அலைக்கழித்த மர்மம் இவ்வளவுதான். மருத்துவர்கள் இதை மியூகோசீல் என்கிறார்கள். சளிநீர்க் கட்டி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

இதே கதை நாக்குக்கு அடியில் பெரிய சுரப்பியிலிருந்து நடந்தால், வாயின் தரைப்பகுதியில் தவளையின் வயிறு போல ஒரு பெரிய வீக்கமாக எழும் என்றும், அதற்கு லத்தீன் மொழியில் தவளையைக் குறிக்கும் சொல்லிலிருந்தே ரானுலா என்று பெயர் வந்தது என்றும் சேர்த்துச் சொன்னார். மேலுதட்டில் கெட்டியாக ஒரு கட்டி இருந்திருந்தால் இவ்வளவு எளிதாகச் சளிநீர்க் கட்டி என்று சொல்லியிருக்க மாட்டேன் என்றும் சொன்னார். சளிநீர்க் கட்டி பெரும்பாலும் வருவது கீழுதட்டில்தான், ஏனெனில் பல் படுவது அங்கேதான். மேலுதட்டில் வரும் கெட்டிக் கட்டி சுரப்பியிலேயே வளரும் கட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் அதை எடுத்துச் சோதித்தே தீர வேண்டுமாம். எப்போது தன் முடிவை மாற்றிக்கொள்வேன் என்பதையும் சேர்த்துச் சொன்னதால்தான் அவர் சொன்ன முடிவின் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

கட்டியைப் பார்க்கத் தொடங்கிய மாதங்களில் வாய்க்குள் வேறு பலவற்றையும் நான் கண்டுபிடித்து வைத்திருந்தேன். பயம் வந்துவிட்டால் கண்ணுக்கு எல்லாமே புதிதாகத் தெரியும். அவற்றை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அவர் அந்தத் தாளை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துப் பெயர் சொன்னார். நாக்கின் பின்பகுதியில் வரிசையாக இருந்த பெரிய பெரிய மேடுகள் சுவை அரும்புகளைத் தாங்கும் முகைகள். தலைகீழ் முக்கோணம் போல 8 முதல் 12 வரை எல்லோர் நாக்கிலும் இருப்பவை. நாக்கை நன்றாக வெளியே நீட்டிப் பார்க்காத வரை அவை நம் கண்ணில் படுவதில்லை. கன்னத்தின் உட்புறம், மேல்வரிசை இரண்டாம் கடைவாய்ப் பல்லுக்கு நேரே இருந்த சிறு சதைக் குமிழ், காதருகிலுள்ள சுரப்பியின் குழாய் வந்து திறக்கும் வாசல். அந்தக் குழாயை 1660இல் ஓர் ஆட்டுத் தலையை அறுத்துப் பார்த்தபோது நீல்ஸ் ஸ்டென்சன் என்ற டேனிஷ் இளைஞர் கண்டார். இன்றும் அது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. கன்னத்தில் மணல் தூவியது போலிருந்த மஞ்சள் புள்ளிகள் எண்ணெய்ச் சுரப்பிகள். தோலில் இருக்க வேண்டியவை வாய்க்குள்ளும் இடம் பிடித்திருக்கின்றன, அவ்வளவே. ஃபோர்டைஸ் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் 1896இல் விவரித்ததால் அவருடைய பெயரில் வழங்கும் இந்தப் புள்ளிகள் வளர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு இருக்கின்றன. கன்னத்தில் பற்கள் கூடும் உயரத்தில் நீளவாக்கில் ஓடிய வெள்ளைக் கோடு, பல் உரசி உரசித் தோல் தடித்த இடம்.

நான் மிகவும் பயந்திருந்தது மேல் அண்ணத்தின் நடுவில் இருந்த கல் போன்ற மேட்டைக் கண்டுதான். அதன் மேல் விரலை வைத்து அழுத்தச் சொன்னார். அசையவில்லை, அமுங்கவில்லை, வலிக்கவில்லை. அது எலும்பு. டோரஸ் என்று அழைக்கப்படும் இந்த எலும்புப் புடைப்பு, பல ஆண்டுகளில் மிக மெதுவாக வளர்வதாலும், நாக்கு அதற்குப் பழகிப்போவதாலும், பலருக்கு இருப்பதே தெரியாமல் வாழ்நாள் கழிந்துவிடுகிறது. கீழ்த்தாடையின் உட்புறத்தில், நாக்குப் பக்கமாக, இரு புறமும் இணையாகவும் இது வரும். கட்டுப்பல் பொருத்த இடைஞ்சலாக இருந்தாலோ, அடிக்கடி உரசிப் புண்ணானாலோ தவிர, அதை யாரும் தொடத் தேவையில்லை. நேற்று வந்த கட்டி என்று நான் நினைத்தது, எனக்கு இருபது வயதிலிருந்தே அங்கே இருந்திருக்கக்கூடும் என்றார். ஒன்றைப் புதிதாகப் பார்ப்பதும், அது புதிதாக வருவதும் ஒன்றல்ல என்று அந்த நிமிடத்தில் தெரிந்துகொண்டேன்.

வாய்ப்புண்ணைப் பொறுத்தவரை, நான் போன அன்று இடது கன்னத்தில் நான்காம் நாள் புண் ஒன்று இருந்தது. முட்டை வடிவத்தில், நடுவில் வெளிர்மஞ்சளாகவும் சுற்றிச் செந்நிற வளையத்தோடும் இருந்தது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது இது வருகிறது என்றும், ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது என்றும் சொல்லி, அதை அடையாளம் காண ஒரு நல்ல வழியும் காட்டினார். இந்தப் புண் பெரும்பாலும் மென்மையான, அசையும் தோலில்தான் வரும்: உதட்டின் உட்புறம், கன்னம், நாக்கின் அடிப்பகுதி, வாயின் தரை. எலும்போடு ஒட்டிய கெட்டியான மேல் அண்ணத்திலும், பல்லை ஒட்டிய ஈறிலும் சிறு கொப்புளங்களாகக் கூட்டமாக எழுந்து உடையும் புண் வேறு. அது ஹெர்பிஸ் கிருமியால் வருவது. அதன் மேல் ஸ்டீராய்டு களிம்பைத் தடவக் கூடாது. வாய்ப்புண் என்றாலே ஒரே களிம்பை எடுத்துக் கொடுக்கும் வழக்கம் எவ்வளவு தவறானது என்பது இதிலிருந்தே தெரியும்.

அவர் எழுதிக் கொடுத்தவற்றில் முதன்மையானது டிரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு 0.1 விழுக்காடு கலந்த பசை. இதற்கு முன்பும் நான் இதைப் பயன்படுத்தி, பயனில்லை என்று தூக்கிப் போட்டிருக்கிறேன். குறை மருந்தில் இல்லை, நான் தடவிய முறையில் இருந்தது. புண்ணை முதலில் பஞ்சால் ஒற்றி உலர்த்த வேண்டும், பிறகு மிகச் சிறிதளவு பசையை விரல் நுனியில் எடுத்துப் புண்ணின் மேல் வைத்து மெல்ல அழுத்த வேண்டும், தேய்க்கவே கூடாது. தேய்த்தால் அது மணல் மணலாக உதிர்ந்து நாக்கோடு போய்விடும். முன்பு எனக்கு நடந்தது அதுதான். அழுத்தி வைத்தால் ஈரம் பட்டு வழுவழுப்பான ஒரு படலமாகி ஒட்டிக்கொள்கிறது. இரவு படுக்கும் முன்பும், உண்ட பிறகும் வைக்கச் சொன்னார். அப்போதுதான் நெடுநேரம் தங்கும். இப்படிச் செய்ததில் இரண்டாம் நாளே வலி பாதியாகக் குறைந்தது. புண் எட்டாம் நாளில் மூடியது. புண் வரப்போகிறது என்று அந்த இடத்தில் குறுகுறுப்பு தோன்றும்போதே தொடங்கினால் பலன் இன்னும் அதிகம். ஆனால் இந்தப் பசை அடுத்த புண்ணைத் தடுக்காது. வந்திருப்பதை அடக்கும், அவ்வளவுதான். தடுக்கும் என்று எதிர்பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாந்துபோவார்கள்.

வலியைக் குறைக்கும் பென்சிடமைன் கலந்த வாய் கொப்பளிக்கும் நீர் எனக்கு நடுத்தரம். கொப்பளித்தவுடன் சுரீரென்று எரிந்தது. பிறகு ஒரு மணி நேரம் போல மரத்திருந்தது. சாப்பிடுவதற்குச் சற்று முன் பயன்படுத்தினால் உதவுகிறது. கிருமிகளை அழிக்கும் குளோர்ஹெக்சிடின் நீரை, புண் இருக்கும் நாள்களில் பல் துலக்க முடியாமல் போனால் மட்டும், ஒரு வாரத்துக்கு மேல் போகாமல் பயன்படுத்தச் சொன்னார். நீண்ட நாள் பயன்படுத்தினால் பற்களில் பழுப்புக் கறை படியும். நாக்கின் சுவையும் மாறும். பற்பசையில் உள்ள நுரைக்கும் பொருள் அதன் வேலையைக் கெடுப்பதால், பல் துலக்கி அரை மணி நேரம் கழித்தே கொப்பளிக்க வேண்டும். இதை அவர் சொல்லித்தான் நான் அறிந்தேன். மரத்துப்போகச் செய்யும் களிம்பைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. சில நிமிட நிம்மதிக்காக, உணர்ச்சியற்ற கன்னத்தை மறுபடியும் கடித்துக்கொள்ளும் ஆபத்தை விலைக்கு வாங்குகிறோம் என்றார். குழந்தைகள் உள்ள வீட்டில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: பென்சோகெயின் கலந்த களிம்புகள் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனைக் குறைத்துவிடக்கூடும் என்பதால், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் எச்சரித்திருக்கிறது. பல் முளைக்கும் குழந்தைக்கு எதையாவது தடவலாமா என்று நினைக்கும் பெற்றோர் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

புண் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் தேடி இரத்தப் பரிசோதனையும் எழுதினார்: இரத்தச் சிவப்பணு அளவு, இரும்புச் சேமிப்பு, பி12, ஃபோலிக் அமிலம். என் இரும்புச் சேமிப்பு குறைவாக இருந்தது. மூன்று மாதங்கள் இரும்பு மாத்திரை சாப்பிட்டேன். நுரைக்கும் பொருளான சோடியம் லாரில் சல்ஃபேட் இல்லாத பற்பசைக்கும் மாறினேன். அதற்குப் பிறகு ஏழு மாதங்களில் ஒரு புண்தான் வந்திருக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கியதால் பலன் எதனால் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. எல்லோருக்கும் குறை கண்டுபிடிக்கப்படுவதும் இல்லை. பலருக்கு எல்லா அளவுகளும் சரியாகவே இருந்தும் புண் வந்துகொண்டுதான் இருக்கும் என்பதை அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

கட்டிக்கு இரண்டு வழிகளைச் சொன்னார். சிறிதாகவும் மேலோட்டமாகவும் இருப்பவை, குறிப்பாகக் குழந்தைகளிடம், தானாகவே மறைவதுண்டு. கடிக்கும் பழக்கத்தை விட்டுவிட்டுச் சில வாரங்கள் பொறுத்துப் பார்க்கலாம். ஆனால் ஐந்து மாதங்களாக உடைந்து உடைந்து நிரம்புவது தானாகப் போவது கடினம், எடுத்துவிடலாம். ஊசியால் குத்தி நீரை வெளியேற்றுவது தீர்வாகாது, ஏனெனில் நிரப்பும் சுரப்பி உள்ளேயே இருக்கிறது. வீட்டில் நானே இரண்டு முறை குத்திப் பார்த்திருந்ததைச் சொன்னபோது, கடிந்துகொள்ளாமல், தொற்று வராமல் போனது நல்லதாயிற்று என்றார். முடிவை என்னிடமே விட்டார், எடுத்துவிடலாம் என்றேன்.

அறுவை இருபது நிமிடங்களில் முடிந்தது. உதட்டில் மரத்துப்போகும் ஊசி போட்ட கணம் மட்டும் வலித்தது. பிறகு இழுபடுவது தெரிந்ததே தவிர வலி இல்லை. கட்டியோடு அதைச் சுற்றியிருந்த சிறு சுரப்பிகளையும் சேர்த்து எடுத்தார். எடுத்தவற்றைக் குப்பியில் காட்டியபோது, கட்டிக்கு அருகில் கடுகு போல நாலைந்து வெளிர் மணிகள் கிடந்தன. அவற்றை விட்டுவைத்தால் கட்டி திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். எடுத்தாலும் சிலருக்குத் திரும்ப வருவதுண்டு. நான்கு தையல்கள் போட்டார். அவை தாமாகக் கரைந்தன. பார்த்தவுடனேயே என்ன கட்டி என்று தெரிந்திருந்தபோதிலும், எடுத்த சதையை நுண்ணோக்கியில் பார்க்க அனுப்பாமல் விடுவதில்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார். சளிநீர்த் தேக்கம், வேறு கெடுதலான மாற்றம் இல்லை என்று அறிக்கை வந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். குறித்துக் கொடுத்த நேரத்துக்கு மேல் ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் காத்திருந்தேன். ஒவ்வொருவரையும் இவ்வளவு பொறுமையாகப் பார்த்தால் தாமதம் ஆகத்தான் செய்யும். அப்படியானால் ஒரு நாளில் குறைவானவர்களுக்கு நேரம் கொடுக்கலாமே. அறுவைக்குப் பின் கொடுத்த குறிப்புத் தாளில் எழுத்துகள் மிகப் பொடியாக இருந்தன. வீக்கம் இரண்டாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும் என்பது அதில் இல்லை. இரண்டாம் நாள் காலை என் உதடு பெருத்திருந்ததைப் பார்த்து நான் பதறியது அதனால்தான். தையலுக்குப் பக்கத்தில் ஒரு சிறு பகுதி ஆறு வாரங்கள் வரை உணர்ச்சி குறைந்திருந்தது. இது நடக்கக்கூடியது என்று வாய்மொழியாக ஒரு வரி சொன்னார். ஒப்புதல் தாளில் கையெழுத்து வாங்கும் முன் இன்னும் நிறுத்திச் சொல்லியிருக்க வேண்டும். நுண்ணோக்கி அறிக்கை வந்து நான்கு நாள் ஆகியும் அவர்களாகத் தெரிவிக்கவில்லை. நான் கேட்ட பிறகே தெரிந்தது. இப்படிப்பட்ட அறிக்கைக்காகக் காத்திருப்பவருக்கு நான்கு நாள் என்பது எவ்வளவு நீளம் என்பதை முன்னறையில் இருப்பவர்கள் உணர வேண்டும்.

இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பயன்பட்டது எதுவென்றால், அவர் கற்றுக்கொடுத்த நாள்கணக்கு. வாய்க்குள் புதிதாக எது தெரிந்தாலும் அன்றைய தேதியைக் குறித்துவிட வேண்டும். முடிந்தால் வெளிச்சத்தில் ஒரு படமும் எடுத்து வைக்க வேண்டும். வாயின் உட்தோல் உடம்பின் வெளித்தோலைவிட விரைவாகப் புதுப்பித்துக்கொள்வது. சாதாரணப் புண் 7 முதல் 14 நாளில் ஆறிவிடும். கடித்ததால் வந்த வீக்கம் அதற்குள் வற்றத் தொடங்கும். இரண்டு வாரங்கள் ஆகியும் ஒரு புண் ஆறவில்லை என்றால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் காட்ட வேண்டும். மூன்று வாரங்களைத் தாண்ட விடவே கூடாது. வலி இல்லாததை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்வதுதான் மக்கள் செய்யும் பெரிய தவறு என்று அவர் சொன்னபோது குரலில் வருத்தம் தெரிந்தது. தொடக்க நிலைப் புற்று பெரும்பாலும் வலிப்பதில்லை. சுரீரென்று வலிக்கும் சின்னப் புண்ணோ பெரும்பாலும் தானே ஆறிப்போகிறது. அடிப்பகுதி கெட்டித்துப்போன புண், சுரண்டினாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புப் படை, காரணமில்லாமல் ஆடும் பல், உதட்டிலோ நாக்கிலோ தொடரும் மரமரப்பு, கழுத்தில் கரையாத நெறி ஆகியவற்றுக்கு இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். கெட்டியாக, ஒரே அளவில், கன்னத்தில் பல் படும் இடத்தில் ஆண்டுக்கணக்கில் இருக்கும் சதைத் திரட்சி பெரும்பாலும் உரசலால் வந்த, ஃபைப்ரோமா என்ற தீங்கற்ற நார்க்கட்டிதான் என்றாலும், அதையும் ஒரு தடவை காட்டிப் பெயர் தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணையோ, பெயர் தெரியாத கட்டியையோ வாயில் வைத்துக்கொண்டு பயந்துகொண்டிருப்பவர்களுக்கு இந்த வகை மருத்துவரிடம் போகத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறாரா, நாக்கைப் பிடித்து ஓரங்களைப் பார்க்கிறாரா, விரலால் அழுத்திப் பார்க்கிறாரா, எப்போது திரும்பி வர வேண்டும் என்று நாள் சொல்கிறாரா என்று கவனியுங்கள். இந்த நான்கும் இல்லாமல் ஒன்றுமில்லை என்று அனுப்பினால் வேறு ஒருவரிடம் போங்கள்.

ஆறாம் மாதம் மறுபரிசோதனைக்குப் போயிருந்தேன். கழுத்திலிருந்து தொடங்கி அதே வரிசையில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கீழுதட்டைப் பிரட்டி, பஞ்சால் ஒற்றி, கண்ணாடியை மறுபடியும் என் கையில் கொடுத்தார். துளிகள் ஒவ்வொன்றாக அரும்பின. தையல் இருந்த இடத்தில் மட்டும், நகத்தின் பிறை அளவுக்கு, உதடு உலர்ந்தே இருந்தது.